போர்டில் பேர் எழுதுவது மட்டும்தான் லீடர் வேலையா?

காலாண்டுத் தேர்வு நெருங்கும் நேரம் என்பதால் இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வகுப்பறை பற்றியவைதான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், சிலவற்றைச் சுருக்கியிருக்கிறேன். பெயரும் பள்ளியும் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன், 42 பிள்ளைகள். கேள்வி கேட்டால் அதே நான்கு கைகள்தான் மேலே போகின்றன. மற்றவர்கள் என் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று நோட்டைக் குனிந்து பார்க்கிறார்கள். பயிற்சிக்குப் போனால் 'பிள்ளைகளுக்கு சாய்ஸ் கொடுங்கள், ஆர்வம் தானாக வரும்' என்கிறார்கள். கொடுத்தால் போர்ஷனை எப்போது முடிப்பது?
(ஆசிரியை, பெரம்பலூர் மாவட்டம்)

பதில்: டீச்சர், உங்கள் போர்ஷன் கவலை நியாயமானதுதான். பயிற்சி வகுப்பில் பேசுகிறவருக்கு இந்த மாதத்துக்குள் இத்தனை பாடம் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி கிடையாது, உங்களுக்கு இருக்கிறது. அதனால் போர்ஷனில் கை வைக்காமல் என்ன செய்யலாம் என்றே பார்ப்போம்.

சாய்ஸ் என்றதும் பலர் 'இன்றைக்கு என்ன படிக்கலாம், நீங்களே சொல்லுங்கள்' என்று பிள்ளைகளைக் கேட்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிக் கேட்டால் 'பி.டி. பீரியட் சார்' என்றுதான் பதில் வரும், அதில் அவர்கள் தப்பும் இல்லை. எதைக் கற்க வேண்டும் என்பது உங்கள் கையில்தான் இருக்க வேண்டும், அதில் பேரமே வேண்டாம். எதை முதலில் எடுப்பது, யாரோடு சேர்ந்து செய்வது, எந்த வழியில் கற்பது, கற்றதை எப்படிக் காட்டுவது என்பவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் அவர்களிடம் விடுங்கள். ஒரு பாடத்துக்கு ஒன்று போதும்.

உங்கள் வெப்பம் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீச்சு மூன்றும் எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும், வரையறைகள் எல்லோர் நோட்டிலும் இருந்தாக வேண்டும். அதை வழக்கம்போல நீங்களே நடத்திவிடுங்கள். அடுத்த பீரியடுக்கு மூன்று வேலைகளைப் போர்டில் எழுதுங்கள். முதல் வேலை, ஒரு கரண்டிக் காம்பில் மெழுகைச் சொட்டிக் குண்டூசிகளை வரிசையாக ஒட்டி, ஒரு முனையை மெழுகுவத்தியில் காட்டி, எந்த ஊசி எப்போது விழுகிறது என்று குறித்துக்கொள்வது. (அலுமினியக் கரண்டியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். எவர்சில்வரில் வெப்பம் மெதுவாகத்தான் ஏறும், ஊசி விழுவதற்குள் பெல் அடித்துவிடும். மெழுகுவத்திப் பக்கத்தில் நீங்களே நின்றுகொள்ளுங்கள்.) இரண்டாவது, வீட்டு அடுப்படியைப் படம் வரைந்து மூன்று வகையும் எங்கெங்கே நடக்கிறது என்று அம்பு போட்டுக் காட்டுவது. மூன்றாவது, மத்தியான வெயிலில் நின்ற பஸ்ஸில் ஏறினால் கம்பி கையைச் சுடுகிறது, சீட் ஏன் அவ்வளவு சுடுவதில்லை என்று பக்கத்து பெஞ்சுக்கு விளக்கி, அவர்கள் கேட்கும் சந்தேகத்துக்குப் பதில் சொல்வது. மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், எதையும் எடுக்காமல் உட்கார்ந்திருக்க முடியாது.

அந்த நான்கு கைகள் அநேகமாக மூன்றாவதைத்தான் எடுக்கும். கையே தூக்காத பிள்ளை பென்சிலைச் சீவிக்கொண்டு அடுப்படி வரைய உட்காரும், அந்தப் படத்தில் குக்கர் கைப்பிடி ஏன் பிளாஸ்டிக் என்று எழுதியிருப்பதைப் பார்த்து உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். நீங்கள் கேட்ட கேள்விக்கு அந்தப் பிள்ளையிடம் பதில் இருந்திருக்கிறது, நாற்பது பேர் நடுவில் வாயைத் திறக்கத்தான் தைரியம் இல்லை.

மூன்றுக்கு மேல் ரொம்பப் போக வேண்டாம். உளவியல் ஆய்வாளர்கள் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் கல்லூரி மாணவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண்ணுக்காக விருப்பக் கட்டுரை கொடுத்தார்கள். 6 தலைப்புகள் கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் எழுதினார்கள், 30 தலைப்புகள் கிடைத்தவர்களில் 60 சதவீதம்தான். எழுதியதன் தரமும் முதல் கூட்டத்தில்தான் கொஞ்சம் மேல். சர்வர் மூச்சுவிடாமல் இருபது வகை தோசை சொல்லி முடித்ததும் நாம் 'சரி, ஒரு சாதா' என்று சொல்வோமே, அதுதான்.

வீட்டுப்பாடத்திலும் இதைச் செய்யலாம். எரிகா பட்டால் குழுவினர் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் செய்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பாடத்துக்கு இரண்டு விதமான வீட்டுப்பாடம் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்படி எடுத்தவர்களுக்கு ஆர்வமும் கூடியிருந்தது, அந்தப் பாடத் தேர்வில் மதிப்பெண்ணும் கூடியிருந்தது. வெறும் இரண்டுதான், கவனியுங்கள். உங்கள் பள்ளிக் கணக்கு டீச்சரிடமும் சொல்லுங்கள்: பயிற்சியில் பன்னிரண்டு கணக்கு இருந்தால் 'ஏதாவது ஐந்து, ஆனால் கடைசி மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும்' என்று கொடுக்கலாம். எந்த ஐந்து என்று முடிவு செய்யவே பிள்ளை பன்னிரண்டையும் படித்துப் பார்த்தாக வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. உங்களுக்குப் பிடிக்காத வழியைப் போர்டில் எழுதாதீர்கள். எழுதிவிட்டு, ஒரு பிள்ளை அதை எடுத்ததும் 'ஏன், அந்த சோதனை செய்தால் ஆகாதா?' என்று முகம் சுளித்தால் அடுத்த முறை 42 பேரும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அதற்குப் பழையபடி நீங்களே சொல்லிவிடலாம், நேரமாவது மிச்சம்.

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு. நன்றாகப் படிக்கிறாள் என்று க்ளாஸ் லீடர் ஆக்கினார்கள், நாங்களும் சந்தோஷப்பட்டோம். இப்போது தினமும் அழுதுகொண்டே வருகிறாள். பேசினவர்கள் பேரை எழுதினால் தோழிகள் பேச மாட்டேன் என்கிறார்களாம், எழுதாவிட்டால் டீச்சர் திட்டுகிறாராம். லீடர் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா, இல்லை இதெல்லாம் தலைமைப் பண்புக்குப் பயிற்சி என்று விட்டுவிடலாமா?
(ஓர் அம்மா, திண்டுக்கல்)

பதில்: தலைமைப் பண்பு இதில் எங்கே வருகிறது அம்மா? டீச்சர் ஸ்டாஃப் ரூமுக்குப் போயிருக்கும் நேரத்தில் வகுப்பைக் காவல் காக்கிறாள் உங்கள் மகள். போர்டின் ஓரத்தில் ஒரு கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் 'பேசியவர்கள்', கீழே பேர், மறுபடி பேசினால் பேருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, அதற்கும் மேலே போனால் 'அடங்கவில்லை'. நம்மில் யாருக்கு இது தெரியாது? அந்தப் பட்டியலில் நெருங்கின தோழி பேர் மட்டும் வராது, சண்டை போட்டவள் பேர் முதல் வரியிலேயே இருக்கும். பதினொரு வயதுப் பிள்ளை கையில் இந்த அதிகாரத்தைக் கொடுத்தால் வேறு எப்படி இருக்கும்? சில பள்ளிகளில் ஸ்கேலையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பிள்ளையை அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் சேர்த்தே தடை செய்கிறது, லீடர் கையால் அடித்தால் பரவாயில்லை என்று அதில் எங்கும் இல்லை.

இந்த ஊரில் இதற்கு நீண்ட சரித்திரம் உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு அடுத்தபடி சட்டாம்பிள்ளைதான். பாடம் ஒப்பிக்கக் கேட்பதும் அவன்தான், வராதவனைத் தூக்கிவர ஆள் அனுப்புவதும் அவன்தான். காவல் வேலையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அதில் அருமையான ஒரு விஷயம் இருந்தது, ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது. அதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார். 1789-லிருந்து எழும்பூரில் ராணுவ வீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளியைப் பார்த்துக்கொண்டவர். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார், தன் பள்ளியிலும் செய்யச் சொன்னார், அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, 'நீ சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடு' என்றார். அவன் சொல்லிக்கொடுத்துவிட்டான். ஊர் திரும்பி 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார், மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. பெல் விட்டுச்சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் தொடங்கிய பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். சம்பளச் செலவு மிச்சம் என்பதும் அது பரவியதற்கு ஒரு காரணம், பிறகு ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்க்கும் இயந்திரமாக அது மாறிப்போனது என்பதும் உண்மை. எப்படியோ, அந்த எட்டு வயதுப் பையனுக்குக் கிடைத்தது அசல் வேலை. அவன் சொல்லிக்கொடுத்தால் எதிரில் இருக்கும் பிள்ளைக்கு எழுத்து வரும், இல்லையென்றால் வராது. உங்கள் மகள் போர்டில் பேர் எழுதுவதால் யாருக்கு என்ன வந்தது?

ஜப்பானில் ஆரம்பப் பள்ளிகளில் நிச்சோகு என்று ஒரு முறை இருக்கிறது. வகுப்பில் தினமும் இரண்டு பேர், பெரும்பாலும் இருக்கை வரிசைப்படி மாறி மாறி. காலைக் கூட்டத்தைத் தொடங்கிவைப்பது, ஒவ்வொரு பாடம் முடிந்ததும் கரும்பலகை துடைப்பது, வகுப்பு டைரியில் அன்றைக்கு நடந்ததை எழுதுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. மதியச் சாப்பாடு பரிமாற வேறொரு குழு, வெள்ளைத் தொப்பியும் ஏப்ரனும் மாட்டிக்கொண்டு வரும். முதல் ரேங்க் பிள்ளைக்கும் முறை வரும், எப்போதும் லேட்டாக வருகிற பிள்ளைக்கும் முறை வரும். எல்லோருக்கும் வரும் என்பதால் யாரும் யார் மீதும் ரொம்பக் காய முடியாது, நாளை மறுநாள் நீதானே என்று தெரியும்.

நீங்கள் செய்ய வேண்டியது, டீச்சரைத் தனியாகப் பார்த்து, குறை சொல்லும் தொனி இல்லாமல், 'லீடராகவே இருக்கட்டும் டீச்சர், பேர் எழுதுவதற்குப் பதில் வேறு பொறுப்பு ஏதாவது கொடுங்களேன்' என்று கேட்பதுதான். என்ன பொறுப்பு என்று அவர் கேட்டால் கையில் இரண்டு மூன்று வைத்துக்கொள்ளுங்கள்: லீவு போட்ட பிள்ளைகளுக்கு அன்றைய பாடம், வீட்டுப்பாடம் என்ன என்று எழுதிவைத்துக் கொடுப்பது, வகுப்பு நூலகப் புத்தகங்களைப் பதிவு செய்து கொடுத்து வாங்குவது, கணக்கில் இரண்டு பிள்ளைகளுக்கு இன்டர்வெலில் உதவுவது. டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், மகளிடமே 'என்ன செய்யலாம்' என்று கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பதவி போனால் போகிறது, ஆறாம் வகுப்புத் தோழிகள் முக்கியம்.

கேள்வி: செயல்வழிக் கற்றல் காலத்தில் தொடக்கப் பள்ளியில் இருந்தவன் நான். அட்டை, ஏணி, தட்டு, பாயில் உட்காருவது எல்லாம் செய்தோம். பிள்ளைகள் இஷ்டத்துக்கு அட்டை எடுத்ததுதான் மிச்சம், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமல் ஆறாம் வகுப்புக்குப் போனார்கள். இப்போது மறுபடி சாய்ஸ், சுதந்திரம் என்கிறார்கள். ஒருமுறை சுட்டது போதாதா?
(தலைமை ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: சார், சுட்டது எது என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். (தெரியாதவர்களுக்கு: பாடத்தை ஏணிபோலச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, படிக்கு ஏற்ற அட்டையை எடுத்துப் பிள்ளை தன் வேகத்தில் படித்து ஏறுவதுதான் செயல்வழிக் கற்றல்.)

ஆந்திராவின் ரிஷிவேலியில், ஓர் ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் சின்னக் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறை அது. 2003-ல் மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் சென்னையில் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிவைத்தார், 2007-ல் மாநிலம் முழுக்க 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு ஒரே வீச்சில் கொண்டுபோனார்கள். ரிஷிவேலியில் வருடக்கணக்கில் அட்டையை மாற்றி மாற்றி ஆசிரியர்களே செய்து பார்த்தது இங்கே சில நாள் பயிற்சியோடு வந்து இறங்கியது.

அப்புறம், பிள்ளைகள் இஷ்டத்துக்கு எடுத்தார்கள் என்கிறீர்களே, முறைப்படி அப்படி இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ஏணியில் எந்தப் படியில் நிற்கிறோமோ அந்தச் சின்னம் போட்ட அட்டையைத்தான் எடுக்க வேண்டும். அடுத்த அட்டை என்ன, எந்தத் தட்டுக்கான குழுவில் போய் உட்கார வேண்டும், ஆசிரியர் உதவியோடா, சக மாணவர் உதவியோடா, தனியாகவா எல்லாம் முன்பே முடிவானது. பிள்ளைக்கு இருந்தது வேகத்தில் மட்டும்தான் சுதந்திரம். என்னைக் கேட்டால், வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதில் ரொம்பக் குறைச்சல். வேகத்தை மட்டும் விட்டுவிட்டு, யார் எங்கே நிற்கிறார் என்று பார்க்க ஆசிரியருக்கு நேரமில்லாமல் போனதுதான் சிக்கல். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்றால், இரண்டு மாதமாக அதே படியில் நிற்கும் பிள்ளையை யார் கவனிப்பது? கிழிந்த அட்டைக்கு மாற்று அட்டை வராவிட்டால் அந்தப் படி அத்தோடு நின்றுபோகும்.

ஆனால் அதில் இருந்த சில நல்லவற்றையும் சேர்த்துத் தூக்கிப்போட்டுவிட்டோம். பிள்ளை வந்ததும் தானே தன் வருகையைக் குறித்துக்கொள்ளும், காலநிலை அட்டவணையில் இன்று மேகமா வெயிலா என்று பார்த்துக் குறிக்கும், கையெட்டும் உயரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கீழ்மட்டக் கரும்பலகை இருக்கும். ஆறு வயதுப் பிள்ளை வாத்தியார் சொல்லக் காத்திருக்காமல் போய்த் தன் அட்டையை எடுத்துவந்து உட்காருவதை அந்தக் காலத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கு ஏற்பப் பிரிப்பது தொடர்கிறது, ஆனால் பெரும்பாலும் ஆசிரியர் கையில்தான் எல்லாம். அதோடு கீழ்மட்டப் பலகையையும் சுய வருகைப் பதிவையும் சேர்த்துக்கொள்ள எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை சார், உங்கள் பள்ளியில் அந்தப் பலகைகள் இன்னும் பெயின்ட் அடிக்காமல் இருந்தால் சாக்பீஸ் மட்டும் போதும்.

கேள்வி: சரியாகப் பதில் சொன்னால் ஸ்டார், ஐந்து ஸ்டாருக்கு ஒரு சாக்லேட் என்று வைத்தேன். முதல் மாதம் வகுப்பே பறந்தது. இப்போது படம் வரையச் சொன்னால்கூட 'ஸ்டார் உண்டா மிஸ்?' என்கிறார்கள்.
(தனியார் பள்ளி ஆசிரியை, கோவை)

பதில்: உண்டு என்று நீங்கள்தானே மிஸ் பழக்கினீர்கள்! 1973-ல் வெளியான ஒரு பிரபலமான சோதனை இதைப் பற்றியதுதான். லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் படம் வரைவதில் ஏற்கனவே ஆசை உள்ள நர்சரிப் பிள்ளைகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, ஒரு கூட்டத்திடம் 'வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் உண்டு' என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு கூட்டத்துக்கு வரைந்து முடித்த பிறகு எதிர்பாராமல் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து, பரிசு எதுவும் இல்லாமல் பேனாக்களைச் சும்மா மேஜையில் வைத்துப் பார்த்தபோது, முன்கூட்டிச் சொல்லப்பட்ட கூட்டம் மற்றவர்கள் வரைந்ததில் பாதி நேரம்தான் வரைந்தது. திடீர்ப் பரிசு வாங்கியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதனால் சாக்லேட்டே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பிடிக்காத வேலைக்கு, வாய்ப்பாடு எழுதுவது மாதிரி, வைத்துக்கொள்ளுங்கள். தானாகவே செய்யும் வேலைக்கு விலை பேச வேண்டாம். ஸ்டாரை ஒரே நாளில் நிறுத்தினால் கலவரமாகும், மெல்லக் குறைத்துவிட்டு, பாடத்தில் எந்தப் பகுதியை யார் வகுப்புக்கு விளக்குவது என்று அவர்களையே பிரித்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கிறேன். பயோ மேத்ஸ் அப்பா எடுக்கச் சொன்னது. பள்ளியில் 'மாணவர் விருப்பம்' பற்றி ஒரு சார் பேசினார், எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வீட்டில் முடிவு செய்வதைப் படித்தால் ஆர்வம் வராது என்பது உண்மையா?
(மாணவன், மதுரை)

பதில்: தம்பி, அப்படி அடித்துச் சொல்ல முடியாது. ஐயங்காரும் லெப்பரும் 1999-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏழிலிருந்து ஒன்பது வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு எழுத்துகளைக் கலைத்துப் போட்டு வார்த்தை கண்டுபிடிக்கும் விளையாட்டு. சிலருக்கு எந்த வகையை எடுப்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள், சிலருக்கு சோதனை நடத்தியவர் சொன்னார், சிலரிடம் 'உங்கள் அம்மா இதை எடுத்திருக்கிறார்' என்றார்கள். வெள்ளை அமெரிக்கப் பிள்ளைகள் தாங்களே எடுத்தபோதுதான் நன்றாகச் செய்தார்கள், அம்மா எடுத்தது என்றதும் சொதப்பினார்கள். சீன, ஜப்பானியக் குடும்பத்துப் பிள்ளைகள் அம்மா எடுத்தது என்றபோதுதான் எல்லோரையும்விட நன்றாகச் செய்தார்கள். முன்பின் தெரியாத ஆள் சொன்னது என்றபோது இரண்டு தரப்புக்குமே பிடிக்கவில்லை. நம்மூர்ப் பிள்ளைகளை வைத்துச் செய்தது இல்லை அது, ஆனாலும் நம் வீடுகளை நினைத்துப் பார்த்தால் எனக்கு நம்பும்படிதான் இருக்கிறது.

நம்பிக்கை உள்ள ஆள் நமக்காக யோசித்து எடுத்தது என்றால் அது நம்முடையதாகவே ஆகிவிடும். பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான் என்பதற்காக எடுத்தது என்றால் ஆகாது. உன் அப்பா எந்த வகை என்று உனக்குத்தான் தெரியும். அவரிடம் ஏன் இந்த குரூப் என்று சண்டை இல்லாமல் ஒருமுறை கேள், காரணம் சொல்கிறாரா பார். இந்த இரண்டு வருடத்தில் பயோ மேத்ஸுக்குள்ளேயே நீ முடிவு செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதற்குப் பிறகு எந்தப் படிப்பு என்ற பேச்சு வரும்போது முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்கும் ஆள் நீயாக இரு. விசாரித்து வைத்திருக்கும் பிள்ளையிடம் அப்பாக்கள் கொஞ்சம் இறங்கித்தான் பேசுவார்கள்.

கேள்வி: வகுப்புக்கு வருவதும் வராததும் பிள்ளை இஷ்டம் என்று இங்கிலாந்தில் ஒரு பள்ளி இருக்கிறதாமே, உண்மையா? நம்மூரில் நடக்குமா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: உண்மைதான், சம்மர்ஹில். ஏ.எஸ். நீல் 1921-ல் தொடங்கியது, சஃபோக் பகுதியில் இருக்கிறது. வகுப்புக்குப் போவது கட்டாயம் இல்லை. ஆனால் எல்லோரும் அதை மட்டும்தான் பேசுகிறார்கள், அங்கே நடக்கும் பள்ளிக் கூட்டத்தை விட்டுவிடுகிறார்கள். தூங்கும் நேரத்திலிருந்து சைக்கிள் விதிவரை கூட்டத்தில் ஓட்டுப் போட்டு முடிவாகும், ஆசிரியருக்கும் ஒரு ஓட்டு, ஏழு வயதுப் பிள்ளைக்கும் ஒரு ஓட்டு. 1999-ல் அரசு ஆய்வாளர்கள் பள்ளி மீது நடவடிக்கைக்குப் போனார்கள், 2000-ல் தீர்ப்பாயத்தில் சமரசமாகி பள்ளி தப்பித்தது. சிறிய, கட்டணம் வாங்கும் உறைவிடப் பள்ளி அது. 42 பேர் உட்காரும் நம் அரசுப் பள்ளியில் அதை அப்படியே செய்ய நினைப்பது வீண்.

ராஜஸ்தானின் திலோனியாதான் நமக்குப் பக்கம். அங்கே பேர்ஃபுட் காலேஜ் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் இரவுப் பள்ளிகளில், பகலில் ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகள் லாந்தர் வெளிச்சத்தில், பிறகு சூரிய விளக்கில், படித்தார்கள். 1993 முதல் அங்கே குழந்தைகள் நாடாளுமன்றம் இருக்கிறது. தேர்தல் நடத்தி, பிரதமர், மந்திரிகள் எல்லாம் உண்டு. பள்ளிக்கு ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா, விளக்கு எரிகிறதா, கைப்பம்பில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக் கேள்வி கேட்பதுதான் வேலை, பெரியவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். நம் பள்ளிகளில் ஜூலையில் பேட்ஜ் குத்தி உறுதிமொழி எடுக்கும் மாணவர் தலைவருக்கு அடுத்த வேலை ஆண்டு விழாவில் விருந்தினருக்குப் பொன்னாடை தட்டைத் தூக்குவதுதான். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று எழுதிக் கொடுத்து, தலைமை ஆசிரியர் ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரே ஒரு விதி வைத்தால் அந்தப் பேட்ஜுக்கு மரியாதை.

கேள்வி: அரசுப் பள்ளிகளில் மகிழ் முற்றம் என்று குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை பேரில் குழு பிரித்தார்களே, பயன் உண்டா?
(பெற்றோர், சேலம்)

பதில்: பிரித்தது நல்லது, பெரிய பிள்ளையும் சின்னப் பிள்ளையும் ஒரே குழுவில் வருவது இன்னும் நல்லது. குழுவுக்கு என்ன வேலை என்பதைப் பொறுத்துத்தான் மிச்சம். புள்ளிக் கணக்கு மட்டும்தான் என்றால் மேலே ஸ்டார் கேள்விக்குச் சொன்னதைப் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடைசி பெஞ்ச் ரவுடிப் பையனை லீடர் ஆக்கினால் திருந்திவிடுவான் என்று சக ஆசிரியர் சொல்கிறார். ஆக்கலாமா?
(ஆசிரியர், தூத்துக்குடி)

பதில்: திருத்துவதற்காக ஆக்காதீர்கள் சார், அவனுக்கு அது முதல் நாளே தெரிந்துவிடும், வகுப்புக்கும் தெரிந்துவிடும். அவனுக்கு ஏற்கனவே என்ன தெரியும் என்று பாருங்கள். பெரும்பாலும் அந்தப் பையன்களுக்குத்தான் மோட்டார் போடத் தெரியும், ப்ரொஜெக்டர் வயர் மாட்டத் தெரியும், விளையாட்டு தினத்தன்று கபடிக் கோடு சரியாகப் போடத் தெரியும். அதில் ஒன்றை முழுப் பொறுப்பாகக் கொடுங்கள், சாவியோடு. வேலை கெட்டுப்போனால் 'எனக்கு அப்போதே தெரியும்' என்று சொல்லாமல், எப்படிச் சரிசெய்வது என்று அவனிடமே கேளுங்கள். மோட்டார் ஸ்விட்ச் விஷயத்தில் மட்டும் எலெக்ட்ரீஷியனை ஒருமுறை வரவழைத்து எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.